கொழுந்து முதல் டீத்தூள் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி, வால்பாறைப் பக்கம் சிறு தோட்டம் வைத்திருப்பவர்கள், டீக்கடை நடத்துபவர்கள், பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்து வாங்குபவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறோம். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால். படிக்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம்: நீலகிரியில் 'பசுந்தேயிலை' என்றால் செடியிலிருந்து பறித்த பச்சை இலை. கடையில் விற்கும் கிரீன் டீ அது இல்லை. செய்தித்தாளில் 'பசுந்தேயிலை விலை' என்று படித்துவிட்டுக் குழம்புபவர்கள் நிறைய.

1. டீத்தூள்னா இலையை வெயில்ல காயவச்சுப் பொடிச்சதுதானே?

இல்லை. பறித்த இலையை அப்படியே வெயிலில் காயவைத்துப் பொடித்தால் கிடைப்பது வெறும் இலைப்பொடி. கொதிக்கவைத்தால் பச்சை வாசமும் துவர்ப்பும் வருமே தவிர, நாம் குடிக்கும் டீயின் நிறமும் மணமும் வராது.

தேயிலையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பாலிபீனால் என்ற துவர்ப்புப் பொருள்கள் ஓர் அறையிலும், அவற்றை மாற்றும் நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. இலை முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. நசுக்கினாலோ வெட்டினாலோ இரண்டும் கலந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வினை தொடங்குகிறது. நறுக்கிய வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுப்பதும் இதே வகை வினையால்தான். அந்த அறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் எப்போது உடைந்தது, வினையை எப்போது நிறுத்தினார்கள் என்ற இரண்டு விஷயம் தெரிந்தால் எந்த டீயின் கதையும் பெரும்பாலும் விளங்கிவிடும்.

சாதாரண டீக்கு வரிசை இது: வாடவைப்பது, அரைப்பது அல்லது உருட்டுவது, நிறம் ஏற விடுவது, உலர்த்துவது, சலித்துத் தரம் பிரிப்பது.

2. கிரீன் டீக்குத் தனிச் செடியா?

ஒரே செடிதான், கமேலியா சினென்சிஸ். சிறிய இலையுள்ள சீன வகை, பெரிய இலையுள்ள அசாம் வகை என இரண்டு முக்கியப் பிரிவுகள் உண்டு. நம் மலைகளில் பழைய தோட்டங்களில் இரண்டும் கலந்த விதைச்செடிகளும், பிற்பாடு நட்டவற்றில் தேர்ந்தெடுத்த குளோன் ரகங்களும் (ஒரு தாய்ச்செடியின் தண்டுத் துண்டுகளிலிருந்து வளர்த்தவை) நிற்கின்றன. சில ரகம் மணத்துக்குப் பெயர் பெற்றது (நீலகிரியில் சிஆர் 6017 அப்படி), சில ரகம் விளைச்சலுக்கு. ஆனால் எந்தச் செடியின் கொழுந்திலிருந்தும் எந்த வகை டீயையும் செய்யலாம். நன்றாக வருமா என்பது வேறு விஷயம்.

செம்பருத்தி டீ, துளசி டீ, ஆவாரம்பூ டீ எல்லாம் தேயிலை சேராத மூலிகைக் கஷாயங்கள்.

3. ரெண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும் ஏன்? இன்னும் ரெண்டு இலை சேர்த்துப் பறிச்சா எடை கூடுமே?

எடை கூடும், டீ கெடும். வினைக்கு வேண்டிய பாலிபீனாலும் நொதியும் மொட்டிலும் முதல் இரண்டு இலையிலும்தான் அதிகம். கீழே போகப் போக அவை குறைந்து நார் கூடுகிறது. மூன்றாவது இலை இளசாக இருந்தால் சேர்க்கலாம். நான்காவது முற்றல். முற்றிய இலை அரைபடும்போது தூளாகாமல் செதில் செதிலாக உரியும், காய்ந்ததும் பழுப்பு நாராகத் தெரியும், கோப்பையில் சாரமே இருக்காது.

மொட்டு விடாமல் உறங்கிவிட்ட கொழுந்தும் உண்டு. தோட்டங்களில் அதைப் பாஞ்சி என்பார்கள். இலை இளசாக இருக்கும்வரை அதைப் பறிக்கலாம், விறைத்துவிட்டால் ஒடித்துப் போட்டுவிட வேண்டும். பறிக்கும் சுற்று நல்ல பருவத்தில் 7 முதல் 10 நாள், வளர்ச்சி மந்தமான காலத்தில் 14 நாள் வரை போகலாம். சுற்று தள்ளத் தள்ள முற்றல் கூடும். ஆள் கிடைக்கவில்லை என்று 20 நாள் விட்டுக் கத்தரியால் வெட்டி அனுப்பும் இலையிலிருந்து நல்ல டீ எடுக்க எந்த இயந்திரமும் இதுவரை வரவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், பேக்டரியால் இலையின் தரத்தைக் காப்பாற்றத்தான் முடியும், உயர்த்த முடியாது.

4. ஒரு கிலோ டீத்தூளுக்கு எத்தனை கிலோ இலை?

சுமார் நாலரைக் கிலோ. கணக்கு இப்படி: 100 கிலோ பசுந்தேயிலையில் ஏறக்குறைய 78 கிலோ தண்ணீர், 22 கிலோ திடப்பொருள். டீத்தூளில் 3 விழுக்காடு ஈரம்தான் இருக்கும் என்பதால் 22 முதல் 23 கிலோ தூள் கிடைக்கும். அதிலிருந்து நாரும் கழிவும் போக மீதிதான் விற்பனைக்கு.

மழைநாளில் இலையின் மேல் ஒட்டியிருக்கும் தண்ணீரும் தராசில் ஏறும். அதனால்தான் ஈர இலைக்குப் பேக்டரிகள் எடையில் கழிவு பிடிக்கின்றன. எவ்வளவு பிடிக்கலாம் என்பதில் சண்டை வருவது வழக்கம். ஒரு கிலோ இலையை எடை போட்டு, துணியில் ஒற்றி மேல் ஈரம் போனதும் மறுபடி எடை போட்டால் பதில் கையில் இருக்கிறது. இரு தரப்பும் சேர்ந்து பார்த்தால் சண்டை முடிந்தது.

5. சாக்கை அவிழ்க்கும்போது கை சுடுது, நடுவுல இலை செவந்திருக்கு. விலையைக் குறைக்கிறாங்க. நியாயமா?

நியாயம்தான். பறித்த இலை செத்துவிடவில்லை, மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. மூச்சு விடும்போது சூடு வெளியாகும். இறுக்கிக் கட்டிய மூட்டையின் நடுவில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. காலால் மிதித்து அடைத்திருந்தால் செல்லும் உடைந்திருக்கும். 1-ஆம் பதிலில் சொன்ன வினை அங்கேயே, யார் கட்டுப்பாட்டிலும் இல்லாமல் தொடங்கிவிடும். அந்தச் சிவப்பு அதன் அடையாளம்.

ஒரு மூட்டைக்குள் ஒரு பங்கு இலை முன்பே சிவந்திருந்தால், மற்ற இலை பதத்துக்கு வரும்போது இது பதம் தாண்டிப் போயிருக்கும். மொத்த டீயும் மங்கலாகும், மணம் அடிபடும். தவிர்ப்பது கடினமில்லை. காற்று புகும் நைலான் வலைச் சாக்கு, தளர்வாக 15 கிலோவுக்குள் அடைப்பது, நிழலில் வைப்பது, மூட்டை மேல் மூட்டை அடுக்காமல் ஏற்றுவது, மூட்டையின் மேல் ஆள் உட்காராமல் பார்த்துக்கொள்வது. யூரியா வந்த பழைய சாக்கில் கட்டுவதை அடியோடு விட்டுவிடுங்கள். அதில் காற்றும் போகாது, உர வாடையும் இலையில் ஏறும்.

6. எதுக்கு ஒரு ராத்திரி முழுக்க இலையைப் பரப்பி வைக்கணும்? வந்த உடனே அரைச்சா என்ன?

வாடவைக்கும்போது நடப்பது இரண்டு. ஒன்று, தண்ணீர் குறைந்து இலை துவள்கிறது. விறைப்பான பச்சை இலையை அரைத்தால் சாறு பிரிந்து ஓடும், மாவு கூழாகி ரோலரில் அப்பும். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாதது: புரதம் உடைந்து அமினோ அமிலங்கள் கூடுகின்றன, மணப்பொருள்களுக்கான மூலங்கள் உருவாகின்றன. இதற்கு நேரம்தான் மருந்து. சூடான காற்றை வேகமாக அடித்து 3 மணி நேரத்தில் இலையைத் துவள வைத்துவிடலாம், ஆனால் மணம் வராது. 12 முதல் 18 மணி நேரம் என்பது இதனால்தான்.

தொட்டி போன்ற நீண்ட மேடையில், கம்பி வலை மேல் 20 முதல் 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு இலையை உதறிப் பரப்பி, அடியிலிருந்து மின்விசிறியால் காற்று விடுகிறார்கள். மழைக்காலத்தில் காற்றைச் சற்றுச் சூடாக்கலாம், 35 டிகிரியைத் தாண்டக் கூடாது. கட்டி கட்டியாகப் பரப்பினால் கட்டியின் உள்ளே பச்சையாகவும் வெளியே சருகாகவும் இருக்கும்.

எவ்வளவு வாட வேண்டும் என்பது அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. சிடிசிக்கு (பல் வெட்டிய ரோலர்களில் அரைக்கும் முறை) 100 கிலோ இலை ஏறத்தாழ 73 கிலோவாகக் குறைந்தால் போதும் (ஈரம் 70 விழுக்காடு). ஆர்த்தடாக்ஸுக்கு (மேசையில் உருட்டும் முறை) 50 கிலோ அளவுக்கு இறங்க வேண்டும் (ஈரம் 55 விழுக்காடு). தராசு இல்லாத இடத்தில் கைப்பதம் உண்டு. ஒரு பிடி இலையை உருண்டையாக அமுக்கிக் கையை விரியுங்கள். உருண்டை சட்டென்று சிதறினால் வாட்டம் போதாது. சோம்பல் முறிப்பதுபோல் மெல்ல அவிழ்ந்தால் சரி. காம்பை வளைத்தால் 'டக்' என்று ஒடியாமல் மடங்க வேண்டும்.

7. சிடிசி, ஆர்த்தடாக்ஸ்னு சொல்றாங்களே, என்ன வித்தியாசம்?

இலையை உடைக்கும் முறைதான் வித்தியாசம். ஆர்த்தடாக்ஸில் வாடிய இலையை வட்டமான உருட்டு மேசையில் போட்டு, மேலிருந்து அழுத்தம் கொடுத்துச் சுற்றுகிறார்கள். இலை முறுக்கிக்கொள்ளும், சாறு வெளியே வந்து இலை மேலேயே பூசிக்கொள்ளும். ஒரு சுற்று 20 முதல் 30 நிமிடம். பிறகு சலித்து, பொடிந்ததைத் தனியாக எடுத்துவிட்டு, பெரியதை மறுபடி உருட்டுவார்கள். ஆரம்பத்திலேயே அழுத்தம் கொடுத்தால் முறுக்கு விழாமல் இலை துண்டாகிவிடும்.

சிடிசியில் பற்கள் வெட்டிய இரண்டு எஃகு ரோலர்கள் ஒன்றையொன்று உரசுமளவு நெருங்கி, எதிரெதிராகச் சுற்றும். ஒன்று நிமிடத்துக்கு 70 சுற்று என்றால் மற்றது 700. இந்தப் பத்து மடங்கு வேக வித்தியாசம்தான் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுகிறது. அந்த மூன்று வேலையின் ஆங்கில முதலெழுத்துகளே சிடிசி. 1930 வாக்கில் அசாமில் மெக்கெர்ச்சர் என்பவர் உருவாக்கிய முறை இது. முதலில் ரோட்டர்வேன் என்ற இறைச்சி அரைக்கும் இயந்திரம் போன்ற ஒன்றில் இலை பிசைபட்டு, பிறகு மூன்று முதல் ஐந்து ஜோடி ரோலர்களில் வரிசையாக விழும். கடைசி ஜோடியிலிருந்து வெளியே வருவது பச்சைப் பசேலென்ற ஈர மாவு. ரோலர் பல் மழுங்கினால் இலை வெட்டுப்படாமல் நசுங்கி, தூள் கனமில்லாமல் செதிலாக வரும். அதனால் ரோலரைக் குறித்த நேரத்தில் கழற்றிச் சாணை பிடிப்பது பேக்டரியின் தலையாய வேலை.

சிடிசி தூளில் ஏறக்குறைய எல்லாச் செல்லும் உடைந்திருப்பதால் சாறு உடனே இறங்கும், பாலைத் தாங்கும். ஆர்த்தடாக்ஸ் மெதுவாக இறங்கும், மணம் நிற்கும், பால் சேர்த்தால் அந்த மணம் அமுங்கிவிடும். இலங்கையில் இன்றும் பெரும்பங்கு ஆர்த்தடாக்ஸ்தான், அங்கே பிளேன் டீ ருசிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நீலகிரியின் சிறு விவசாயிகளிடம் இலை வாங்கும் பேக்டரிகளில் பெரும்பாலும் சிடிசி.

8. பெர்மெண்டேஷன்னா தோசை மாவு மாதிரி புளிக்க வைக்கிறதா?

பெயர்தான் அப்படி, வேலை வேறு. தோசை மாவைப் புளிக்க வைப்பது நுண்ணுயிர்கள். தேயிலையில் நடப்பது, இலையின் சொந்த நொதி செய்யும் ஆக்சிஜனேற்றம். உண்மையிலேயே நுண்ணுயிர் புகுந்து வேலை செய்தால் இந்த டீ புளித்து நாறிவிடும், அதனால்தான் மாவு நிறம் ஏறும் தரையையும் டிரம்மையும் தினமும் கழுவச் சொல்கிறோம். நிஜமாகவே நுண்ணுயிரால் ஆகும் டீ ஒன்று உண்டு, அது 16-ஆம் பதிலில்.

வினை நடக்கும்போது பாலிபீனால்கள் முதலில் தியாஃபிளாவினாகவும், பிறகு தியாரூபிஜினாகவும் மாறுகின்றன. முன்னது பொன்மஞ்சள், நாக்கில் சுறுக்கென்று தைக்கும் உயிர்ப்பைக் கொடுப்பது. பின்னது செம்பழுப்பு, அடர்த்தியைக் கொடுப்பது. முன்னது ஓர் உச்சத்தைத் தொட்டுவிட்டுக் குறையத் தொடங்கும், பின்னது கூடிக்கொண்டே போகும். அந்த உச்சத்தை ஒட்டி நிறுத்துவதில்தான் டீ மேக்கரின் கைத்திறன் இருக்கிறது.

9. எப்போ நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?

சிடிசி மாவுக்கு 45 முதல் 90 நிமிடம், ஆர்த்தடாக்ஸுக்கு உருட்டத் தொடங்கியதிலிருந்து இரண்டு, மூன்று மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. அறை வெப்பம் 24 முதல் 28 டிகிரி, காற்று நல்ல ஈரப்பதத்தோடு இருக்க வேண்டும். வெப்பம் கூடினால் வினை ஓடும், குளிர்ந்தால் தயங்கும். அதனால் கடிகாரத்தை மட்டும் நம்ப முடியாது.

மூக்கும் கண்ணும்தான் கருவி. டிரம்மிலிருந்து ஒரு பிடி மாவை எடுத்து முகர்ந்தால் முதலில் அறுத்த புல்லின் வாசம். கொஞ்ச நேரத்தில் அது விலகி, பழுத்த ஆப்பிளை நினைவூட்டும் இனிய வாசம் எழும். நிறம் பச்சையிலிருந்து புதுச் செப்புக்காசு நிறத்துக்கு வந்திருக்கும். அந்த வாசம் எழும்போது டிரையருக்குத் தள்ள வேண்டும், அது மங்கிய பிறகு தள்ளினால் தாமதம்.

முன்னாலேயே நிறுத்தினால் டீ பச்சை வாடையோடு கடுகடுவென்று துவர்க்கும். தாமதித்தால் டிகாஷன் கறுப்பாக, அடர்த்தியாகத் தெரியும், ஆனால் குடித்தால் உயிர் இருக்காது. பால் ஊற்றிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: சரியான பதம் பளிச்சென்ற செம்பொன் நிறம் காட்டும், பதம் தாண்டியது சாம்பல் கலந்த மங்கல் நிறம்.

10. டிரையர்ல சூடு கூட்டினா சீக்கிரம் முடியுமே?

முடியும், கெட்டும் போகும். டிரையருக்கு இரண்டு வேலை: நொதியைச் சூட்டால் செயலிழக்க வைத்து வினையை நிறுத்துவது, ஈரத்தை 3 விழுக்காட்டுக்கு இறக்குவது. நுழையும் காற்று ஆர்த்தடாக்ஸுக்கு 90 முதல் 100 டிகிரி, தூளைக் காற்றில் மிதக்க வைத்து உலர்த்தும் இயந்திரத்தில் 120 முதல் 140 டிகிரி. மொத்தம் 15, 20 நிமிடம்.

சூடு எல்லை மீறினால் துகளின் வெளிப்புறம் ஓடு கட்டி, உள்ளே ஈரம் சிக்கிக்கொள்ளும். கையில் நொறுங்கும், ஆனால் மூட்டையில் போட்ட சில வாரத்தில் பூஞ்சை வாடை. சூடு போதாவிட்டால் வேறு கேடு. மாவு காயாமல் வேகும், வினை அரைகுறையாக ஓடிக்கொண்டே இருக்கும், டீ சப்பென்று ஆகிவிடும். வெளியேறும் காற்று 50 முதல் 55 டிகிரியில் இருந்தால் சரியாகப் போகிறது என்று பொருள்.

11. டஸ்ட் டீன்னா தரையில கூட்டின தூசியா?

இல்லவே இல்லை. சல்லடையில் கடைசியாக இறங்கும் நுண்ணிய துகளின் தரப்பெயர் அது. ஒரே இலை, ஒரே ரோலர், ஒரே டிரையர். சலிக்கும்போது பெரியது பிரோக்கன் பீக்கோ, நடுத்தரம் பீக்கோ ஃபேனிங்ஸ், நுண்ணியது பீக்கோ டஸ்ட், ரெட் டஸ்ட், சூப்பர் ரெட் டஸ்ட் என்று போகும். துகள் சிறிதானால் சாறு விரைவாக இறங்கும், ஒரு கிலோவுக்குக் கூடுதல் கோப்பை தேறும். தமிழ்நாட்டு டீக்கடையின் வடிதுணிக்கு டஸ்ட்தான் பொருத்தம். குன்னூர் ஏலத்தில் நல்ல டஸ்ட் பெரிய துகளைவிடக் கூடுதல் விலைக்குப் போவதும் உண்டு.

சலிப்பதற்கு முன் நாரை எடுக்க ஓர் அழகான வழி இருக்கிறது. கம்பளித்துணியில் உரசும் பிளாஸ்டிக் உருளைகள் நிலைமின்சாரம் ஏறி, தூளின் மேல் ஓடும்போது லேசான நாரை மட்டும் ஈர்த்துக்கொள்ளும். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை இழுக்கும் அதே வித்தை. அந்த நாரும் கழிவும் மனிதர் குடிக்க அல்ல. 1959-ஆம் ஆண்டின் தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருபவை அவை.

'ஆரஞ்சு பீக்கோ'வில் ஆரஞ்சு கிடையாது. பீக்கோ என்பது மொட்டின் வெண்பூனைமயிரைக் குறிக்கும் சீனச் சொல்லின் திரிபு.

12. அப்போ கிரீன் டீ எப்படிப் பச்சையாவே இருக்கு?

சுவர் உடைவதற்கு முன்பே நொதியைக் கொன்றுவிடுகிறார்கள். ஜப்பானில் ஆவியில் 30 வினாடி முதல் ஒன்றரை நிமிடம்வரை காட்டுவார்கள். சீனாவில் 200 டிகிரிக்கு மேல் சூடான இரும்புச் சட்டியில் வறட்டுவார்கள். முன்னதில் கடற்பாசி, கீரை போன்ற வாசம், பின்னதில் வறுத்த கடலையை ஒத்த வாசம். அதன் பிறகு எவ்வளவு உருட்டினாலும் நிறம் மாறாது, ஏனென்றால் மாற்ற ஆள் இல்லை.

நம் ஊரில் கிரீன் டீ மஞ்சளாகவும் கசப்பாகவும் போவதற்கு இரண்டு காரணம் சொல்லலாம். இலை சாக்கிலேயே சிவக்கத் தொடங்கியது (5-ஆம் பதில்), அல்லது ஆவி காட்டியதும் விசிறி குளிரவைக்காமல் குவித்து வைத்தது.

13. வீட்டுல நாலு தேயிலைச் செடி இருக்கு. வீட்டுலயே செய்யலாமா?

தாராளமாக. மருந்து அடித்த செடியானால் அந்த மருந்துக்குச் சொன்ன இடைவெளி முடிந்த பின் பறியுங்கள். 100 கிராம் கொழுந்து எடுத்தால் 22 கிராம் டீ வரும்.

கறுப்பு டீக்கு: நிழலில் துணி மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி, எடை 55 கிராமாகும்வரை (12 முதல் 16 மணி நேரம்) விடுங்கள். பிறகு உள்ளங்கைகளுக்கிடையே அல்லது கரடுமுரடான தாம்பாளத்தில் 20, 30 நிமிடம் அழுத்தி உருட்டுங்கள். கை பிசுபிசுக்க வேண்டும், அதுதான் செல் உடைந்ததற்குச் சாட்சி. உதிர்த்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, ஈரத்துணியால், இலையைத் தொடாதபடி, மூடி இரண்டு, இரண்டரை மணி நேரம் விடுங்கள். 9-ஆம் பதிலில் சொன்ன வாசம் வந்ததும் ஓவனில் 100 டிகிரியில் 20, 25 நிமிடம். ஓவன் இல்லாவிட்டால் எண்ணெய் வாடையே இல்லாத தோசைக்கல்லில் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள்.

கிரீன் டீக்கு: இட்லிப் பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு, தட்டில் மெல்லிசாகப் பரப்பிய கொழுந்தை உள்ளே வைத்து ஒரு நிமிடம். எடுத்த உடனே விசிறுங்கள். லேசாக உருட்டி, அதே மாதிரி உலர்த்துங்கள். பெரும்பாலோர் தவறுவது, தட்டை நிறைத்துவிடுவதில். நடு இலைக்கு ஆவி எட்டாமல் அது சிவந்துவிடும்.

14. ஒயிட் டீ ஏன் அவ்வளவு விலை?

மொட்டு மட்டும், அல்லது மொட்டும் ஓர் இலையும் மட்டும் பறிப்பதால். கூலி ஏறுகிறது, எடை ஏறுவதில்லை. செய்முறையோ எல்லாவற்றிலும் எளிது: உருட்டாமல், ஆவி காட்டாமல், இரண்டு மூன்று நாள் வாடவைத்து இளஞ்சூட்டில் உலர்த்துவது. இதன் தாய்வீடு சீனாவின் ஃபூஜியன் மாகாணத்து ஃபூடிங், ஜெங்ஹே பகுதிகள். எளிதென்றாலும் மழை ஈரத்தில் வாடவைத்தால் மொட்டு கறுத்துவிடும்.

மஞ்சள் டீ இன்னும் அரிது. கிரீன் டீ போலவே சூடுகாட்டி, ஈரம் இருக்கும்போதே பொட்டலமாகச் சுற்றிப் புழுங்க விட்டு உலர்த்துவார்கள். ஹூனானின் ஜுன்ஷான் தீவு இதற்குப் பெயர் பெற்றது.

15. ஊலாங் பாதி கிரீன் டீ, பாதி கறுப்பு டீயா?

கலவை அல்ல, வினையை நடுவழியில் நிறுத்தியது. இலையை வெயிலில் சற்றே வாட்டி, மூங்கில் தட்டில் குலுக்குவார்கள். இலையின் ஓரங்கள் மட்டும் மோதி நசுங்கிச் சிவக்கும், நடு பச்சையாகவே இருக்கும். குலுக்கு, ஓய்வு, குலுக்கு, ஓய்வு என்று இரவெல்லாம் போகும். வேண்டிய மணம் வந்ததும் சூடான சட்டியில் போட்டு நிறுத்துவார்கள். சீனாவில் ஆன்ஷியின் தியேகுவான்யின் என்ற ஊலாங் கொஞ்சம் சிவந்தது, வூயி மலையின் பாறை ஊலாங் நன்றாகச் சிவந்து கரிச்சூட்டில் வாட்டியது.

தைவானில் தத்துப்பூச்சி கடித்த இலைக்குக் கூடுதல் விலை. கடிபட்ட இலை தற்காப்புக்குச் சுரக்கும் பொருள்களே தேன் மணமாக மாறுகின்றன.

16. பூ-அர் டீ வருஷக்கணக்கா வைக்கலாமாமே? நம்ம டீத்தூள் மட்டும் ஏன் கெடுது?

8-ஆம் பதிலில் சொன்ன நுண்ணுயிர் டீ இதுதான். சீனாவின் யுன்னான் மாகாணத்துப் பெரிய இலையைச் சட்டியில் மிதமாகச் சூடுகாட்டி வெயிலில் உலர்த்துவார்கள். வில்லையாக அழுத்தி ஆண்டுக்கணக்கில் வைத்தால் மெல்ல முதிரும். சீக்கிரம் வேண்டுமென்று 1973-இல் குன்மிங்கில் வேறு வழி கண்டார்கள்: இலையைக் குவியலாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, மூடி, அவ்வப்போது புரட்டி ஒன்றரை மாதம் போல விடுவது. எருக்குழி சூடேறுவதுபோல் குவியல் சூடேறும், பூஞ்சைகளும் பிறவும் துவர்ப்பைக் கரைத்து மண்வாசம் தரும்.

நம் டீத்தூளில் அந்த உயிரும் இல்லை, ஈரமும் இல்லை. அதன் மணம் முதல் நாளிலிருந்தே குறையத்தான் செய்யும். ஈரம் 6, 7 விழுக்காட்டைத் தாண்டினால் வேகமாகப் போய்விடும். காற்றுப்புகாத டப்பாவில், மசாலா டப்பாக்களுக்குத் தள்ளி வையுங்கள். டீத்தூள் பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும்.

17. மாட்சா வெறும் கிரீன் டீயை மிக்ஸியில அரைச்சதா?

இல்லை. ஜப்பானியப் பொடி டீயான இதற்கு, அறுவடைக்கு முன் 20 நாள் அளவுக்குச் செடிக்குப் பந்தல் போட்டு வெயிலை மறைக்கிறார்கள். வெயில் பட்டால் இலையிலுள்ள தியானின் என்ற அமினோ அமிலம் துவர்ப்புப் பொருளாக மாறிவிடும். நிழலில் அது தங்கி இனிப்பைத் தருகிறது. ஆவிகாட்டி, உருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல் எந்திரத்தில் அரைக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 40 கிராம்தான் விழும். மிக்ஸியில் அரைத்தால் சூட்டில் நிறமும் மணமும் போகும்.

18. கிரீன் டீயில கஃபீன் இல்லைங்கிறாங்களே?

இருக்கிறது. உலர்ந்த தேயிலையின் எடையில் 2 முதல் 4 விழுக்காடு கஃபீன், எந்த வகையானாலும். ஆக்சிஜனேற்றம் கஃபீனைத் தொடுவதில்லை. மொட்டில் கூடுதல், காம்பில் குறைவு, ஆகவே மொட்டுகளால் ஆன ஒயிட் டீயில் குறைவு என்பதும் தவறு. கோப்பையில் குறைவாகத் தெரிவது குறைந்த சூட்டில், குறைந்த நேரம் ஊறவைப்பதால்.

19. பச்சைத் தண்ணியில போட்ட உடனே நிறம் விடுது. கலப்படமா?

இதில் அவசரப்படாதீர்கள். சிடிசியில் செல் முழுக்க உடைந்திருப்பதால் (7-ஆம் பதில்) நல்ல டஸ்டும் பச்சைத்தண்ணீரில் மெல்ல நிறம் விடும். பார்க்க வேண்டியது வேகத்தையும் விதத்தையும். வெள்ளை வடிதாளில் ஒரு சிட்டிகை தூவி, சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சற்று நேரம் கழித்துத் தூளைத் தட்டிவிடுங்கள். சாயம் ஏற்றியதானால் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சுக் கறை தாளில் பதிந்து ஓடியிருக்கும். கலப்படமற்ற தூள் லேசான பழுப்புச் சுவடுதான் விடும். டீயில் செயற்கை நிறம் சேர்க்க இந்தியச் சட்டம் இடம் தரவில்லை.

காந்தத்தில் கறுப்புத் துகள் ஒட்டினால்? ரோலர் தேய்வதால் சிறிது இரும்பு வரவே செய்யும். பேக்டரிகள் காந்தம் வைத்து அதை நீக்க வேண்டும், கிலோவுக்கு 150 மில்லிகிராம்வரை உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது. காந்தத்தில் தாடிபோல் தொங்கினால் அது தேய்மானம் அல்ல.

20. டீயில புகை வாடை வருது. அடுப்புல கருகினதா?

தூள் கருகினால் தீய்ந்த கசப்பு வரும், புகை வாடை வராது. விறகு எரியும் அடுப்பின் புகையும் டிரையருக்குப் போகும் சூடான காற்றும் தனித்தனிக் குழாயில் போக வேண்டும். குழாய் ஓட்டையானால் புகை கசிந்து டீயில் ஏறிவிடும். ஏறியது எதைச் செய்தாலும் போகாது. ஓட்டையை அடைப்பது தவிர வழியில்லை.

21. ஒரே கடைத்தூள், ஜனவரியில வாசமா இருக்கு, ஜூலையில இல்லையே?

நீலகிரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஆண்டு முழுக்கப் பறிப்பு நடக்கும். ஆனால் டிசம்பர், ஜனவரியில் இரவில் உறைபனி, பகலில் வறண்ட வெயில். கொழுந்து மெல்ல வளர்ந்து மணப்பொருள் செறிகிறது, வாட்டமும் தானாக நன்றாக அமைகிறது. தென்மேற்குப் பருவத்தில் கொழுந்து தண்ணீரோடு விறுவிறுவென்று வளரும், பேக்டரி இலையில் மூழ்கும், வாட்டம் குறையும். பனி அளவு மீறினால் கொழுந்து கருகி அந்தச் சுற்றே போய்விடும் என்பது மறுபக்கம்.

22. டிகாஷன் ஆறினா மேல ஆடை மாதிரி கலங்குது. தூள் மட்டமா?

மட்டமில்லை, நல்ல அறிகுறி. தியாஃபிளாவினும் கூட்டாளிகளும் கஃபீனோடு சேர்ந்து, ஆறியதும் கரையாமல் திரள்கின்றன. மறுபடி சூடாக்கினால் தெளிந்துவிடும். 9-ஆம் பதிலில் சொன்ன பதத்தில் நிறுத்திய டீயில் இது வெளிர் மஞ்சளாகத் திரளும். ஐஸ் டீ போடுபவர்களுக்கு மட்டும் இது தொந்தரவு. அவர்கள் பச்சைத்தண்ணீரிலேயே ஆறு மணி நேரம் ஊறவைத்து வடித்தால் கலங்கல் வெகுவாகக் குறையும்.